அணிலுக்கு ஊற்றிய பால்

கூழ்வத்தலைத் திருப்பிப் போடக் குனிந்த கைக்குக் கீழே வத்தல் ஒன்று மூச்சு விட்டது. "எம்மா!" என்று கத்திக்கொண்டு ஆவுடையம்மாள் இரண்டு எட்டு பின்னால் போய் விழப் பார்த்தாள். மொட்டை மாடித் தரை காலைச் சுட்டதுகூட அப்புறம்தான் தெரிந்தது. நேற்றுப் பிழிந்த வத்தலுக்கு நடுவே, பழைய வேட்டி விரிப்பில், ஒரு அணில். முதுகுக் கோடு மூன்றும் தெரிய ஒருக்களித்துக் கிடந்தது, வயிறு மட்டும் தட்தட்டென்று அடித்தது. சூ என்றாள், ஓடவில்லை. கையைத் தட்டினாள், ஓடவில்லை. சவம், இத்தனை நாளும் வத்தலைக் கொறித்துக் கொட்டிவிட்டு நான் படியேறுகிற சத்தம் கேட்டாலே வேம்புக்குத் தாவுகிற சாதி, இன்றைக்கு என்ன மெத்தை போட்டுப் படுத்திருக்கு என்று வைதுகொண்டே கிட்டப் போனவளுக்கு, வைது முடிக்கும் முன்பே நெஞ்சு பக்கென்றது. ஓடாத அணிலை ஐம்பத்திரண்டு வயதுக்கு அவள் பார்த்ததே இல்லை. நாய் படுத்துக் கிடக்கும், பூனை படுத்துக் கிடக்கும், மனுசன் வருசக் கணக்கில் படுத்துக் கிடப்பான். அணில் படுக்குமா? அக்னி நட்சத்திர வெயில், பதினோரு மணிக்கே மண்டையைப் பிளக்கிறது, பாளையங்கோட்டையில் காக்காகூட நிழல் தேடிப் போய்விட்டது, இது மட்டும் போகப் பலமில்லாமல் கிடக்கிறது. கடித்தால் ஊசி போடணுமே என்று ஒரு யோசனை. கடிக்கிற அணிலாக இருந்தால் கையில் அகப்படுமா என்று இன்னொரு யோசனை. முந்தானையை மடக்கி அதன் மேல் போட்டு அள்ளினாள். கடிக்கவில்லை. உள்ளங்கையில் அதன் சூடு ஏறியது. அடுப்பிலிருந்து இறக்கிய உருளைக்கிழங்குச் சூடு. கடிக்காமல் கிடந்ததுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

மாடிப்படி இறங்கும்போது எதற்காக இறங்குகிறோம் என்று ஒரு நிமிசம் மறந்து போய் நின்றாள். ஆங், தண்ணி, தண்ணி கொடுக்கணும், தவிச்ச வாய்க்குத் தண்ணி. மூன்றாவது மாடியில் அவள் வீட்டில் யாரும் இல்லை. சங்கரலிங்கம் காலையிலேயே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வளையல் பார்க்க டவுணுக்குப் போய்விட்டார். மகள் சுபிதாவுக்கு அடுத்த மாசம் வளைகாப்பு, தலைச்சன். போனார் என்றா சொன்னேன், போகவைத்தாள் என்று சொல்லணும். காலையில் காப்பி குடிக்கும்போது அழைப்பு லிஸ்ட் எழுதினார் மனுசன். எழுதினவர் முதல் வரியில் யார் பேரை எழுதினார் தெரியுமா? உலகம்மாள் அக்கா, தென்காசி, என்று எழுதிப் பக்கத்தில் போன் நம்பரையும் போட்டு, ஃப்ரிட்ஜில் காந்தத்தை வைத்து ஒட்டிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி பேப்பர் படித்தார். ஆவுடை நாற்காலியில் கிடந்த அவர் சட்டைப் பையிலிருந்தே பேனாவை உருவி அந்த வரியை ஒரே கோடாக அடித்தாள். "இருபத்தெட்டு வருசமாச்சுளா, அவ என் கூடப் பிறந்தவ, இன்னும் எத்தனை வருசம்?" என்றார். "நான் சாகிற வரைக்கும்" என்றாள். அவர் சட்டையை எடுத்து மாட்டினார், பேனாவைக்கூட வாங்கவில்லை. இப்போது அந்த லிஸ்ட் ஃபேன் காற்றில் படபடக்கிறது. அணிலைப் பார்க்கிற நேரத்தில் இதை எதுக்குப் பார்க்கிறேன், கோட்டிக்காரி. அணிலை அடுப்பு மேடையில் துணி விரித்துப் போட்டாள். கண் பாதி திறந்து, பாதி மூடி. வாய் ஓரம் காய்ந்து போயிருந்தது. தண்ணியா, பாலா? பால்தான் தெம்பு. எதில் கொடுக்க? இங்க் ஃபில்லர் ஒரு காலத்தில் வீட்டில் கிடந்தது, இப்போது யார் மை ஊற்றி எழுதுகிறார்கள்? பஞ்சைத் திரித்துக் கொடுக்கலாம், பஞ்சு சாமி அலமாரியில், அலமாரிச் சாவி அவர் பையில். கண் இங்குமங்கும் ஓடி அடுப்பு மேடை மூலையில் போய் நின்றது. அங்கே வெள்ளிப் பாலாடை இருந்தது.

சின்னக் கிண்ணம், ஒரு பக்கம் மூக்கு நீண்டது, பச்சைப் பிள்ளைக்குப் பால் புகட்டுகிறது. நேற்றுத்தான் பீரோவுக்கு அடியிலிருந்து எடுத்தாள். சுபியின் மாமியார் சீரில் வெள்ளிப் பாலாடை உண்டுமா என்று சிரித்துச் சிரித்துக் கேட்டிருந்தாள். பழசைப் போட்டுப் புதுசு மாற்றிக்கொள்ளலாம் என்று ஆவுடை துணிமூட்டையை அவிழ்த்தபோது, இது கரியாய்க் கறுத்துப் போய்க் கிடந்தது. திருநீறு போட்டுத் தேய்த்து வைத்தாள். தேய்க்கும்போது ஒன்றும் நினைக்கவில்லை, நினைக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள். இதில் குடித்தது ஒரே ஒரு பிள்ளை. சுபி இதில் குடிக்கவில்லை, சுபிக்கு பாட்டில். ஏன் சுபிக்கு இதை எடுக்கவில்லை? பார்த்தால் அவன் ஞாபகம் வரும், அதனால்தான். வேறென்ன? வேறொன்றுமில்லை. அவன் என்றால் முத்துக்குமாரு, தலைச்சன், நாற்பத்தேழு நாள் இருந்தான். பாலை ஆற்றினாள், விரலை விட்டுப் பார்த்தாள், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், அணிலை மடியில் மல்லாத்தினாள். பிள்ளைக்குப் புகட்டுகிற மாதிரியே. கை தானாகச் செய்தது, இருபத்தெட்டு வருசமாய் மறக்கவில்லை பாருங்கள், கையைப் போல ஞாபகக்காரி உண்டா. அடிவயிறு வெள்ளையாய்ப் பஞ்சு மாதிரி, நான்கு காலும் மேலே மடங்கி, விரல் விரலாய், நகம் நகமாய். அணில்பிள்ளை என்று நம்ம பக்கம் சும்மாவா சொல்கிறார்கள். ஒரு சொட்டு விட்டாள். நாக்கு வந்து தொட்டது. "குடி எய்யா, குடி" என்றாள். எய்யா என்றது தன் வாய்தானா என்று அவளுக்கே திக்கென்றது.

குடிக்குது, குடிக்குது. பிழைத்துக்கொள்ளும். உலகம்மாள் மாதிரி ஒருத்தி கையில் படாமல் இருந்தால் எந்த உயிரும் பிழைத்துக்கொள்ளும். அந்தா, பார்த்தீர்களா, அவளை நினைக்காமல் இருக்கணும் என்றால் முடிகிறதா? முத்துக்குமாரு போன கதையை ஆவுடை எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! வாகையடிப் பக்கத்தில் வாடகை வீட்டில் இருந்த காலம். மதினிதான் பிள்ளை குளிப்பாட்ட வந்திருந்தாள், புருசனின் அக்காள், நாற்பது வயசு, வயிறு திறக்காதவள். தனக்குப் பிள்ளை இல்லாவிட்டால் என்ன, சொந்தத்தில் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் உலகம்மாளுக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். மணைப்பலகையில் உட்கார்ந்து காலை நீட்டி, பிள்ளையைக் கணைக்காலில் போட்டு, எண்ணெய் தேய்த்து, மூக்கைப் பிடித்துவிட்டு, ஊதி, வாய்க்குள் விரலை விட்டுச் சளியை வழித்து, பயற்றமாவு போட்டு, வெந்நீரை வாரி வாரி ஊற்றுவாள். அன்றைக்கும் ஊற்றினாள். ஊற்றின கையோடு பிள்ளை போய்விட்டது. கதை இவ்வளவுதான். பெரியாஸ்பத்திரி டாக்டர் என்ன சொன்னார்? "மூச்சுக்குழல்ல ஏதோ போயிருக்கும்மா" என்றார். ஏதோ என்ன ஏதோ, தண்ணிதான், அவள் வாரி வாரி ஊற்றின தண்ணி! வீட்டு வாசலில் பிள்ளையைக் கொண்டுவந்து இறக்கினபோது ஆவுடை அவளைப் பார்த்து எல்லார் முன்னாலும் கத்தினாள், மலடி கை பட்டுதே, என் பிள்ளை போச்சே, என்று. உலகம்மாள் வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை, நான் இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? சொன்னாளா? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். அதைவிட இன்னொன்று இருக்கிறது, அதை ஆவுடை கதையின் கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொல்லுவாள். பிள்ளை கிடக்கிறதை முதலில் பார்த்தவள் உலகம்மாள். பார்த்தவள் பதறித் தூக்கினாளா? இல்லை. நான் எழுந்து பார்க்கிறேன், இவள் குனிந்து முந்தானையால் பிள்ளையின் மூக்கையும் வாயையும் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அவசர அவசரமாய். எதைத் துடைத்தாள்? எதற்குத் துடைத்தாள்? கேட்டவர்கள் எல்லாரும் வாயில் கையை வைத்துக்கொள்வார்கள்.

போன் அடித்தது. சுபி. தினமும் இந்நேரம் அடிப்பாள், கோயம்புத்தூரிலிருந்து, முகம் பார்த்துப் பேசுகிற போன். ஆவுடை இடது கையால் அமுக்கி எண்ணெய் டின்னில் சாய்த்து வைத்தாள். "எம்மா, ஏன் கூரையைக் காட்டுற? சிலந்திவலை தெரியுது, தூக்க மாட்டியா?" என்றாள் மகள். "ஏட்டி, இங்க ஒரு விருந்தாளி வந்திருக்கு, வெயில்ல சுருண்டு கிடந்துச்சு" என்று போனைத் திருப்பினாள். "அய்யோ அணிலா! உயிரோட இருக்கா? கடிச்சிராதா?" "கடிக்கவாவது, அது தேமேன்னு குடிக்கி." நல்லாத்தான் குடித்தது. நல்லாக் குடிக்கிறதே என்று ஆவுடை பாலாடையை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். மூக்கிலிருந்து பால் ஒரு கோடாய் இறங்கியது. அணில் ஒரு தடவை தும்மின மாதிரி தலையைச் சிலுப்பிற்று. அப்புறம் ஒன்றுமில்லை. காலெல்லாம் விறைத்தது. வாய் திறந்தது, மூடியது, சத்தம் வரவில்லை. மூக்கில் வெள்ளையாய் ஒரு குமிழி எழும்பி உடைந்தது, இன்னொன்று எழும்பியது. "எம்மா! மல்லாக்கப் போட்டா ஊத்துற? திருப்பும்மா! குப்புறப் போடு, தலையைக் கீழ பிடி, முதுகுல தட்டு! எம்மா, தட்டும்மா!" ஆவுடைக்குக் கை ஓடவில்லை. போனிலிருந்து மகள் அலறுகிறாள், மடியில் உயிர் இழுக்கிறது, இவள் குமிழியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிறகு கை எப்படியோ திருப்பியது. உள்ளங்கையில் குப்புறப் போட்டு, தலையைத் தொங்கவிட்டு, இரண்டு விரலால் தட்டினாள், பயந்து பயந்து தட்டினாள், பிறகு பயத்தில் ஓங்கித் தட்டினாள். இரண்டு சொட்டு வெள்ளையாய்த் தரையில் விழுந்தது. அணில் கர்ரென்று ஒரு மூச்சு இழுத்தது. இன்னொன்று. "வந்துட்டு" என்றாள் ஆவுடை. "மூச்சு வந்துட்டு."

"நல்லவேளை!" என்றாள் சுபி, அவளுக்கே மூச்சு வாங்கியது. "போன வாரம்தான் ஆஸ்பத்திரியில எங்களை எல்லாம் உக்கார வச்சு நர்ஸம்மா சொன்னாங்க. பிள்ளையை நீட்டிப் படுக்க வச்சு வாயில பால் ஊத்தவே கூடாதாம். அழுற பிள்ளைக்கு ஊத்தக்கூடாது, தூங்குற பிள்ளைக்கு ஊத்தக்கூடாது. மூச்சுக்குழலுக்குள்ள போயிருமாம். சத்தமே இல்லாமப் போயிருமாம்மா, பக்கத்துல இருக்கவங்களுக்கே தெரியாதாம். அதனால நீ பாலாடை கீலாடைன்னு ஒண்ணும் வாங்காத, எங்க மாமியார்ட்ட நான் சொல்லிக்கிடுதேன். கேக்கியா? எம்மா? என்ன பேச்சையே காணும்?" கேக்கேன் என்று ஆவுடை தலையை ஆட்டினாள். போன் அணிலையே பார்த்துக்கொண்டிருந்ததால் மகளுக்கு அது தெரியவில்லை. இங்க வேலை கிடக்கு, பிறகு கூப்பிடுதேன் என்று அவள் வைத்துவிட்டாள். அடுக்களையில் ஃபேன் சத்தமும் அணில் மூச்சும் மட்டும் மிஞ்சின.

சத்தமே இல்லாம. என்ன சொன்னா? சத்தமே இல்லாம. மூச்சுக்குழல்ன்னா. டாக்டரும் அந்தச் சொல்லைத்தான் சொன்னார், மூச்சுக்குழல்ல ஏதோ. ஏதோ. தண்ணி. தண்ணிதான். காலையில் ஒன்பது மணிக்குக் குளிப்பாட்டினாள், ஊற்றின கையோடு பிள்ளை... ஒன்பது மணிக்கா? ஒன்பது மணிக்கு ஊற்றின தண்ணிக்கு மத்தியானம் ஒரு மணிக்கா பிள்ளை போகும்? ஒன்பது மணிதான். குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு, மதினி பிள்ளையைத் தூளியில் போட்டபோது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தெருவில் ஓடின. பதினோரு மணிக்குப் பிள்ளை முழித்தது, சிரித்தது, ஆமாம் சிரித்தது, சாம்பிராணித் தட்டு அப்போதே ஆறிச் சாம்பலாய் இருந்தது. கதை சொல்லச் சொல்லக் குளியலை ஆவுடைதான் தள்ளித் தள்ளிக் கொண்டுவந்து மத்தியானத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். வேணும் என்றா செய்தாள்? இல்லை. பேச்சு வாக்கில் நகர்ந்தது. அப்படியானால் ஒரு மணிக்கு என்ன நடந்தது? ஒரு மணிக்கு நான் தூங்கினேன். அதற்கு முன்னால்? பிள்ளை அழுதது. மார் கட்டிப் போய் வலி உயிர் போனது, மூன்று ராத்திரி கண்ணை மூடவில்லை, இந்தச் சனியன் நிறுத்தாதா என்று வந்தது, பெற்ற பிள்ளையைச் சனியன் என்று நினைத்தேன், பாய்மேல் நீட்டிப் போட்டேன், மடியில்கூட எடுக்கவில்லை, எட்டிப் பாலாடையை எடுத்து அழுகிற வாயில் ஊற்றினேன். நிறைய ஊற்றினேன், மறுபடி எழும்ப வேண்டாமே என்று. ஒரு தடவை தலையைச் சிலுப்பினான். அழுகை நின்றது. அப்பாடா, தூங்கிட்டான் என்று நினைத்தேன். ஒரு சத்தம் இல்லை. சத்தமே இல்லை. பாலாடை கையிலிருந்து உருண்டது, நானும் அவன் பக்கத்திலேயே தூங்கிப் போனேன். ஒரு சாண் தூரம். ஐயோ, ஒரு சாண் தூரத்தில். திருப்பிப் போட்டு நாலு தட்டுத் தட்டியிருந்தால், இந்தா, இந்த அணிலுக்கு வந்த மூச்சு அவனுக்கு வந்திருக்காதா?

அணில் மறுபடி தும்மியது. மூக்கில் இன்னும் வெள்ளை. யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள், பால் கொடுக்கத் தெரியாமல் கொன்றுபோட்டாள் என்பார்கள் என்று ஓடியது புத்தி. யார் இருக்கிறார்கள் பார்க்க, ஆள் இல்லாத வீட்டில்? ஆனாலும் கை அவசர அவசரமாய் முந்தானையைப் பிடித்து அதன் மூக்கைத் துடைத்தது, வாயைத் துடைத்தது. துடைத்த கை அப்படியே நின்றது. அடிப்பாவி. இதைத்தானே மதினி செய்தாள். இப்படித்தானே குனிந்திருந்தாள். நீலச் சுங்குடிச் சேலை, வெள்ளைப் புள்ளி, முந்தானை நுனியைச் சுருட்டி மூக்கு, வாய், மோவாய், மறுபடி மூக்கு. எதைத் துடைத்தாள் என்று இருபத்தெட்டு வருசமாய் ஊரைக் கேட்டேனே! துடைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், அப்புறம் பாயோரம் கிடந்த பாலாடையைப் பார்த்தாள், அதைக் காலால் தள்ளவில்லை, கையில் எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போய் அங்கணத்தில் கழுவினாள். கழுவி வைத்துவிட்டு வந்த பிறகுதான் "தம்பி! ஏ தம்பி, ஓடியா" என்று கத்தினாள். இது எங்கே இருந்தது இத்தனை நாள்? இதை நான் பார்த்தேனா, இல்லை இப்போது உண்டாக்கிக்கொள்கிறேனா? பார்த்தேன். ஆஸ்பத்திரித் திண்ணையில் அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தபோது நீல முந்தானையில் திட்டுத் திட்டாய் வெள்ளை காய்ந்து விறைத்திருந்தது. பயற்றமாவு என்று நினைத்தேன். பயற்றமாவு வெள்ளையா? மஞ்சள் அல்லவா அது. நான் செய்ததை அவள் துடைத்தாள், அதைச் சொல்லியே நான் அவளைக் கொன்றேன்.

அதற்குப் பிறகு உலகம்மாளை ஒரு வீட்டில்கூடப் பிள்ளை குளிப்பாட்டக் கூப்பிடவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆவுடையின் வாய் ஒன்று போதாதா? மதினியின் புருசனே கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றார்கள், அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நான் இல்லை என்று மதினி சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி, பின்னே யார்? அந்தக் கேள்வி வந்தால் இருபத்து நாலு வயசுப் பெற்றவள் கிணற்றைத்தானே பார்த்திருப்பாள். அது தெரிந்துதான் வாயை மூடினாளா? மலடி என்று நான் கத்தினபோதுமா? அணிலை மார்போடு சேர்த்துக் குப்புறப் பிடித்திருந்தாள், அதன் நகம் சேலை வழியாய்க் குத்தியது, குத்தட்டும். சுபிக்கு என்ன சொல்ல? உங்க அண்ணனை அத்தை கொன்னா என்று சொல்லித்தானே வளர்த்தேன். அவருக்கு என்ன சொல்ல? காலையில் பேனாவைக்கூட வாங்காமல் போனவருக்கு? அழுகை வரவில்லை. அழுகை வந்தால் தேவலை. எழுந்தாள். ஃப்ரிட்ஜில் லிஸ்ட் படபடத்தது. ஒரே கோடுதான் போட்டிருந்தாள், நம்பர் கோட்டுக்கு அடியில் அப்படியே தெரிந்தது. ஒரு கையில் அணிலை வைத்துக்கொண்டு மறு கைக் கட்டைவிரலால் ஒவ்வொரு நம்பராய் அமுக்கினாள். அமுக்கின பிறகு வைத்துவிடலாமா என்று நினைத்தாள். அதற்குள் அங்கே எடுத்துவிட்டார்கள்.

"யாரு?"

குரல் வயசாகியிருந்தது. பின்னால் எங்கோ குக்கர் விசில்.

"நாந்தான் மதினி. ஆவுடை."

விசில் அடித்து ஓய்ந்தது. "என்னளா, தம்பிக்கு என்னவும் ஆயிட்டா?" என்றாள் உலகம்மாள். பாருங்கள், இருபத்தெட்டு வருசம் கழித்து இவள் கூப்பிட்டால் சாவுச் செய்தியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறாள். ஒன்றும் இல்லை, அவுக நல்லா இருக்காக என்றாள் ஆவுடை. எப்படிக் கேட்கணும் என்று யோசிக்கவில்லை, அப்படியே கேட்டாள்.

"அன்னைக்கு அவன் மூக்குல என்னத்தைத் தொடச்சீங்க?"

"எவன் மூக்குல?"

"முத்துக்குமாரு மூக்குல."

அங்கே அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு உலகம்மாள் பதறாமல், பிள்ளையைத் தூங்கவைக்கிற குரலில் சொன்னாள். "தண்ணிதாம்ளா. நான் ஊத்தின தண்ணிதான். அதை எதுக்கு இப்பப் பேசிக்கிட்டு? பழசைக் கிளறாத. வை போனை."

இன்னுமா? இன்னுமா மதினி? ஆவுடை தன் முந்தானையைப் பார்த்தாள். மெரூன் சேலை. அணிலைத் துடைத்த இடம் ஃபேன் காற்றுக்கு அதற்குள் காய்ந்து, விறைத்து, ஒரு ரூபாய் அகலத்துக்கு வெள்ளையாய் இருந்தது.

"தண்ணி காஞ்சா வெள்ளையா நிக்காது மதினி" என்றாள்.

உலகம்மாள் போனை வைக்கவில்லை. அவள் நாற்காலியை இழுத்து உட்காருகிற சத்தம் கேட்டது. ஆவுடைக்கு அப்போதுதான் அழுகை வந்தது, வந்தது நிற்கவில்லை. "நீங்க வரணும் மதினி. சுபிக்கு ஆறு மாசம். பிள்ளை பிறந்தா நீங்கதான் வந்து தண்ணி ஊத்தணும். எல்லார் முன்னாலயும் நான் சொல்லுதேன், எல்லாத்தையும் சொல்லுதேன், நீங்க வந்து ஊத்துங்க."

"இப்ப எங்கன ஊத்த?" என்றாள் உலகம்மாள். கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். "எனக்குக் கை நடுக்கம் வந்து மூணு வருசமாச்சுளா. ஒரு டம்ளர் காப்பி நிக்க மாட்டேங்கு. பிள்ளையைப் பிடிக்க முடியாது."

கீழே ஸ்கூட்டர் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. சங்கரலிங்கம் வளையல் டப்பாக்களோடு மூன்று மாடி ஏறி வர இரண்டு நிமிசமாகும். ஆவுடை போனைக் காதிலிருந்து எடுக்காமல், அணிலைக் கீழே விடாமல், கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.